விடியலில் ஒரு தாவல்

மலைச்சரிவுக் காடு ஒன்றில், ஓடைக்கரை நாவல் மரத்தில், செம்மி என்ற மலை அணிலும் அவள் தம்பி துள்ளனும் கூடு கட்டி வாழ்ந்தார்கள். எதிர்க்கரையில் ஓர் அத்தி மரம். பகலெல்லாம் அங்கே பழம் தின்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஓடைக்கு மேலே ஒரே தாவாகத் தாவி வீடு வந்து தூங்குவார்கள். துள்ளனுக்கு இளவயது. அவனைப்போல் தாவ அந்தக் காட்டில் ஆளில்லை.

அத்தி மரத்துக்கு இரவில் ஒரு மரநாய் வரும். அணில் கறி என்றால் அதற்கு உயிர், குழந்தைகளே. ஆனால் துள்ளனைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது.

"இருட்டின பிறகு பழத்துக்குத் தனி ருசி, தம்பி. இருந்துதான் பாரேன்" என்றது அது.

துள்ளன் இருந்தான். அன்று முதல் இரவெல்லாம் விருந்து, விடிந்தால் வீடு, பகல் முழுக்கத் தூக்கம்.

செம்மிக்கு நிம்மதி போயிற்று. தம்பி வந்து இறங்கும் கிளை நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. அவன் வயிறு பருத்தது. நாலடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

"என்னடா இது?"

"என்னவாம்? எப்போதும்போல இருபது பழம்தான் தின்கிறேன். தூக்கத்தையும் பகலில் ஈடுகட்டிவிடுகிறேன்."

"இருட்டினால் உடம்புக்குள்ளே ஒரு சேதி போகும், கடையைச் சாத்து என்று. சாத்தின கடையில் சரக்கை இறக்கினால் யார் எடுத்து வைப்பார்கள்? உன் வயிற்றைப் பார்."

"கிழவி மாதிரிப் பேசாதே, அக்கா" என்று அவன் கொட்டாவி விட்டான்.

ஒருநாள் விடியலில் செம்மி கீழே பார்த்தாள். ஓடை நடுவே பாறைமேல் மரநாய் உட்கார்ந்திருந்தது.

"விடிந்துவிட்டதே, வீட்டுக்குப் போகவில்லையா?"

"தம்பி பத்திரமாகப் போய்ச் சேருகிறானா என்று பார்க்கிறேன்." மரநாய் நாவலின் கடைசிக் கிளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செம்மி எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினாள். "துள்ளா, தாவாதே. அங்கேயே இரு. அது போகட்டும்."

"எனக்காகக் காத்திருக்கிற சிநேகிதன்மேல் உனக்கென்ன பொறாமை?" என்று எதிர்க்கரையிலிருந்து சிரித்தான் துள்ளன். தூக்கத்தில் கண் சொக்கியது. தாவினான்.

கடைசிக் கிளையின் நுனி இலை கைக்கு எட்டியது. இலை மட்டும் கையோடு வந்தது.

மரநாய் ஓடவில்லை, துரத்தவில்லை. அவன் எங்கே விழுவான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நீதி: உண்ணவும் உறங்கவும் உரிய வேளை தவறினால், இளம் உடம்பும் வலுவிழக்கும்.