ஆமைப்பாறை தெரியுதா?

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஒன்றைப் பார்த்தால் அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிற பழக்கமும் உண்டு. இந்த ஒரு தடவை சேர்க்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் தீவில் ஒரு ஓடுபாதை. இந்தப் பக்கக் கடலில் தொடங்கி அந்தப் பக்கக் கடலில் முடியும். வாரம் ஒரு முறை சின்ன விமானம் வரும். அது வருவதற்குள் ஓடுபாதையில் கிடக்கும் ஆடுகளையும் நண்டுகளையும் விரட்டுவது என் வேலை. வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்து விமானிக்குச் சொல்வது வைதேகி மேடத்தின் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்.

ஒரு நாள் டீ கொடுக்கும்போது கேட்டேன்.

"மேடம், எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். காத்தடிச்சா பயம். அடிக்கலன்னா அதைவிடப் பயம். விமானம் வர்ற நாள்ல சோறு இறங்க மாட்டேங்குது. நீங்க மட்டும் எப்படி இப்படி இருக்கீங்க?"

மேடம் டீயை ஊதினார்.

"லில்லி அக்கா, ஆமைப்பாறை தெரியுதா?"

ஆமைப்பாறை கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது கண்ணுக்குப் பட்டால் விமானம் இறங்கலாம். படாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

"தெரியும் மேடம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து தெரியும்."

"தெரியுமா, தெரியுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"டீயில சர்க்கரை போட்டீங்களா அக்கா?"

"போட்டேனே."

"குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். போடவில்லை.

பிறகு ஒரு நாள் என்னைக் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். தாளும் பென்சிலும் தந்தார்.

"ஆமைப்பாறையை வரைங்க."

"பார்க்காமலா?"

"பார்க்காமத்தான்."

கண்ணை மூடிக்கொண்டே வரைந்தேன். நீட்டிய கழுத்து. கூன் முதுகு. முதுகில் மேற்கே சாய்ந்த ஒற்றைத் தென்னை.

மேடம் தென்னையின் மேல் விரலை வைத்தார். "இது?"

"அது இல்லாம ஆமைப்பாறையா மேடம்?"

அவர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டினார். மகாராணி படம் மாட்டியதுபோல் எனக்குப் பெருமை.

மாசி மாதம் மேடம் பாசியில் வழுக்கி விழுந்தார். காலில் மாவுக்கட்டு. ஆமைப்பாறையைப் பார்க்க ரேடியோ அறையின் மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும்.

"நீங்க ஏறுங்க அக்கா. கீழே நான் ரேடியோகிட்ட இருக்கேன். கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க."

"இன்னைக்கா மேடம்? வேற யாராவது..."

"வேற யாரு இருக்கா? ஆடா?"

அன்றைய விமானத்தில் என் மகள் பிரிசில்லா வந்துகொண்டிருந்தாள். மடியில் அறுபது நாள் பிள்ளை. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் தீவில் போனில் குரலே பாதிதான் வரும்.

ஏறினேன்.

விடியற்காலை மழை பெய்து ஓய்ந்து, எங்கும் பனி மூடியிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப்பை தூங்குகிற மீன்போலக் கம்பத்தில் தொங்கியது. கீழே ஆடுகள் கால் இல்லாமல் மிதந்து போயின. என் கையை நீட்டினேன். அதுவும் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது.

எங்கேயோ விமானச் சத்தம்.

"அக்கா! ஆமைப்பாறை தெரியுதா?"

வெள்ளை. வெறும் வெள்ளை.

"இருங்க மேடம்!"

இன்று திரும்பினால் இன்னும் ஒரு வாரம். ஒரு வாரத்தில் இந்தப் பனி விலகும் என்று யார் சொன்னது? கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கைகூப்பிக்கொண்டும் பார்த்தேன்.

வந்தது.

முதலில் முதுகு. பிறகு மெல்ல மெல்லக் கழுத்து. பாலுக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியுது மேடம்! தெரியுது!"

"தென்னை?"

"அதுவும் தெரியுது. மேற்கே சாஞ்சிக்கிட்டு!"

கீழே ரேடியோ மட்டும் கரகரத்தது. விமானி ஏதோ கேட்டார். மேடம் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"அக்கா."

"சொல்லுங்க மேடம். சீக்கிரம்!"

"போன ஐப்பசிப் புயலுக்கு அப்புறம், எதை வெச்சு அடுப்பெரிச்சீங்க?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று கோபம் வந்தது. கரை ஒதுங்கிய தென்னை மரத்தைத்தான் எரித்தேன். நானே பிளந்தேன். நானே காயவைத்தேன். இருபது நாள் எரிந்தது. ஒற்றை மரம், உப்பு ஊறிய மரம், ஆமைப்பாறையிலிருந்து...

சத்தம் நெருங்கிவிட்டது. வெள்ளைக்குள் தலைக்கு மேலே எங்கேயோ சுற்றியது.

"அக்கா, அவர் கேக்கறார்."

கண்ணை மூடினேன். தென்னையை விட்டேன். கழுத்தை விட்டேன். முதுகை விட்டேன். பிரிசில்லாவை விடத்தான் நேரமானது. அந்தப் பிள்ளைக்கு நானாக ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். அதையும் விட்டேன்.

கண்ணைத் திறந்தேன்.

"தெரியல மேடம்" என்று கத்தினேன். "ஒண்ணுமே தெரியல. திரும்பிப் போகச் சொல்லுங்க."