மாதையன் பரிசலுக்கு இருபத்து நாலு வோல்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரன்ட் இருக்காது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடையில் இருந்த கோழியை நாய் விரட்டிவிட்டதால், பதினான்கு முட்டைகளை அட்டைப் பெட்டியில் வைத்து பல்பு போட்டுச் சூடு காட்டி வந்தேன். பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் இரண்டே நாளில் குஞ்சு. கரன்ட் போனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில்தான் வேறு பல்பு எரிய வேண்டும். என்னிடமிருந்த அந்தப் பேட்டரியை அன்று காலையில்தான் மாதையனுக்குக் கொடுத்திருந்தேன்.

மேட்டூர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவன் அவன். துடுப்புப் போட்டுத் தோள் வலிக்கிறதென்று பழைய பேட்டரி மோட்டார் ஒன்று வாங்கினான். அதற்கு இருபத்து நாலு வோல்ட் வேண்டும். அவனிடம் ஒரு பேட்டரிதான். என்னுடையதைக் கேட்டான். முனைகளில் தண்ணீர் படக்கூடாதே என்று பிளாஸ்டிக் தாள் சுற்றி, சேலைக் கிழிசலால் ஏழு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

"சாயங்காலமே கொண்டாந்துடறேன்க்கா" என்று போனவன் மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, கோணியில் சுற்றிய பேட்டரியைத் தலையில் சுமந்து வந்தான். மீன் வாங்கி விற்கும் தவமணி என்னோடு வாசலில் நின்றிருந்தாள்.

"சார்ஜ் இருக்காடா?" என்றேன்.

"மொதல்ல நடந்ததைக் கேளுங்க." பேட்டரியை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். "எம் பேட்டரிய மட்டும் குடுத்தேன். பன்னண்டு வோல்ட்டு. மோட்டாரு கொட்டாவி விட்டுச்சு. அப்பறம் என்னோட பிளஸ்ஸ உங்களோட மைனஸ்ல சேத்தேன். இருபத்து நாலு. பரிசல் கெளம்புச்சு பாருங்க!"

"எந்தப் பக்கம்?" என்றாள் தவமணி.

"எந்தப் பக்கமும் இல்ல. பரிசல் வட்டந்தானே? நின்ன எடத்துலயே சுத்துச்சு. மூணாவது சுத்துல தண்ணியில குழி விழுந்துச்சு. பத்தாவது சுத்துல அணையோட தரை தெரிஞ்சுது. முங்கிக் கெடக்குற கோயில் நந்தி முதுகு காஞ்சு ஒக்காந்திருந்துச்சு. எறங்கி விபூதி வெச்சுட்டு வந்தேன்."

"பரிசல் சுத்தும்போதா எறங்குன?"

"அது ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஏறிட்டேன்."

மணி எட்டு ஐம்பது. எந்திரிடா என்றேன்.

"மீனைச் சொல்லவே இல்லியேக்கா. கட்லா எல்லாம் தலை சுத்திப் பரிசலுக்குள்ள வந்து விழுந்துச்சு. சுத்துன வேகத்துல செதில் தானாப் பறந்துருச்சு. வயரு நல்லாக் காஞ்சிருந்துச்சா, அதும் மேலயே போட்டு வறுத்துட்டேன்."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அடப்பாவி, ஃபியூஸ் போடலியா?"

"போட்டிருந்தேன். அதுவும் வெந்துருச்சு. உப்புதான் பத்தல."

"அப்பறம் எப்படி நிறுத்துன?" தவமணி விடவில்லை.

"வயரை மாத்திக் குடுத்தேன். செவப்பு மைனஸ்ல, கறுப்பு பிளஸ்ல. எதிர்ப்பக்கமாச் சுத்துச்சு. காவேரி வந்த வழியே திரும்பி ஏறிப் போச்சு. ஒகேனக்கல்ல அருவி கீழருந்து மேல விழுந்துச்சு. கர்நாடகாவுல இருந்து போன் பண்ணி, தண்ணி போதும், நிறுத்துங்கன்னு கெஞ்சுனாங்க."

"உன் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் தண்ணி கேட்டு நாமதானே பண்றோம். நம்பர் இல்லாமலா இருக்கும்?"

உள்ளே மின்விசிறி நின்றது. ஒன்பது மணி.

அவன் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுக் கோணியைப் பிரித்தேன். வெந்த வயரையும் செத்த பேட்டரியையும் பார்க்கப் பயந்து பாதிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு முடிச்சும் நான் போட்டபடி இருந்தன. கையால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். வயரை மாட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. பெட்டிக்குள் கையை விட்டேன். முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

மாதையன் பல்பையும் அவிழ்ந்து கிடந்த கிழிசலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாத்தீங்களாக்கா? முடிச்சை அவுக்காமலே இந்த ஓட்டம் ஓடியிருக்குது. அவுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"குஞ்சு செத்திருக்கும்" என்றாள் தவமணி.