மதகை மூட விடாத டீபக்கர்

கரடிப்பாறைக் காட்டில் மேல்குளத்துக்கும் கீழ்க்குளத்துக்கும் நடுவே ஒரு மதகு இருந்தது. அதைத் திறந்து மூடும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவள் செண்பகம் என்ற முள்ளம்பன்றி. அன்று காலை அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பின்னே, வராதா? முந்தின நாள் மதகு மூடவே இல்லை. கீழ்க்குளம் பொங்கி, நீர்க்கோழி அல்லியின் கூட்டிலிருந்து நாலு முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் மூன்றுதான். இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் அதுவும் போச்சு!

"எல்லாம் உன் புரோகிராம் செய்த கோளாறு!" என்றான் தாண்டவன் என்ற நரி. "என் டீபக்கர் சொக்கத் தங்கம்!"

டீபக்கர் என்பது பிழை தேடும் கருவி. சந்தேகப்பட்ட வரியில் ஒரு 'நிறுத்தம்' வைத்தால் புரோகிராம் அங்கே வந்து நிற்கும். பார்த்துவிட்டு 'தொடர்' என்றால் மேலே ஓடும். காட்டுக்கு அதைச் செய்துகொடுத்தவன் தாண்டவன். 'மதகை மூடு' என்ற வரியில்தான் செண்பகம் முந்தின நாள் நிறுத்தம் வைத்திருந்தாள்.

காடே நரிக்குத் தலையாட்டியது. செண்பகத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. முட்டைகள் நனையாதிருக்க, மதகிலிருந்து கீழ்க்குளத்துக்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். நிறுத்தம் இல்லாமல் ஓட்டினாள். மதகு மூடியது. நிறுத்தம் வைத்து ஓட்டினாள். நின்றது, தொடர்ந்தது, மூடவில்லை! ஓடிப்போய்க் கையால் மூடினாள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள், மூன்று தடவையும் இதே கதை.

டீபக்கரைப் பிரித்து உள்ளே பார்த்தாள். அட பாவி! நிறுத்தம் வைக்க, அங்கிருந்த வரியை எடுத்துவிட்டு 'நில்' என்று எழுதுகிறது. அது சரிதான். 'தொடர்' என்றதும் எடுத்த வரியைத் திருப்பி வைக்க வேண்டாமா? வைக்காமலே அடுத்த வரிக்குத் தாவுகிறது!

"தாண்டவா! எடுத்த வரி எங்கேடா?"

"நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். திருப்பி வை என்று யார் சொன்னது?"

"அதை வேற சொல்லணுமா? நாலு முட்டை போச்சுடா!"

"முட்டைதானே! இன்னும் நாலு இட்டால் ஆச்சு" என்று கொட்டாவி விட்டான் நரி.

செண்பகத்துக்கு ரத்தம் கொதித்தது.

"சரி, உன் டீபக்கர் தங்கம்தானே? மண்ணை வெட்டி விடுகிறேன். நீ வாய்க்காலில் இறங்கி நில்லு. உன் டீபக்கரிலேயே நிறுத்தம் வைத்து ஓட்டுகிறேன்!"

"ஐயோ, வேண்டாம்! மதகு மூடாது!" என்று அலறினான் தாண்டவன்.

"அப்போ உனக்கு முன்னாலேயே தெரியும்!" என்று கத்தினாள் அல்லி. "தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே நீ!"

"எழுந்திருடா அங்கேருந்து!" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நரியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள் செண்பகம். 'தொடர்' என்றதும் எடுத்த வரியை அதன் இடத்தில் வைக்க டீபக்கரில் எழுதினாள். அந்த ஒரு வரியை மட்டும் ஓட்ட எழுதினாள். ஓடியதும் மறுபடி அங்கே நிறுத்தம் வைக்க எழுதினாள்.

பிறகு மண்ணை வெட்டிவிட்டு, தானே வாய்க்காலில் இறங்கி நின்றாள்.

"ஓட்டு, அல்லி!"

மதகு திறந்தது. தண்ணீர் செண்பகத்தின் முழங்காலுக்கு ஏறியது. புரோகிராம் நின்றது. அல்லி அலகால் 'தொடர்' என்பதை அழுத்தினாள். படாரென்று மதகு மூடியது!

"இன்னொரு தடவை!" என்றாள் செண்பகம். மறுபடியும் நின்றது, மறுபடியும் மூடியது. மூன்று முட்டைகளும் நனையாமல் இருந்தன.

தாண்டவன் மெல்ல நழுவப் பார்த்தான். "இனி இந்த மதகுப் பக்கம் வந்தாய், தோலை உரித்துவிடுவோம்!" என்று காடே அவனைத் துரத்தியது.

தான் நனையும்போது மட்டும் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறவனை நம்பி, பிறர் உயிரை ஒப்படைக்கக் கூடாது.