மருத மரத்தில் இரண்டு வரிசை

மலையடிக் காட்டில் ஓர் உடும்பு இருந்தது. காட்டாற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருத மரத்துக்கு அதுதான் காவல். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க அந்த ஒரு மரம்தான் வழி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். இருவர் ஏறினால் மரம் புரண்டுவிடும்.

“முதலில் வந்தவர் முதலில் போங்கள்” என்று உடும்பு சட்டம் வைத்திருந்தது. சண்டை சச்சரவு இல்லை. உடும்புக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலையில் முள்ளம்பன்றிக் கூட்டம் ஒன்று அக்கரைக்குக் குடிபெயர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தது. வரிசையின் கடைசியில் ஒரு மான் வந்து நின்றது.

“உடும்பண்ணே, நான் இந்தக் கரைக்கு மேய வந்தேன். என் குட்டி அந்தக் கரையில் இருக்கிறது. பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, மரத்தில் நடக்கத் தெரியாது. போய்ப் பால் கொடுக்க வேண்டும். என்னை முன்னால் விடுங்கள்” என்று கெஞ்சியது.

“வரிசையில் நில்லம்மா. உன்னை விட்டால் எல்லாரையும் விடவேண்டி வரும்” என்றது உடும்பு.

மானின் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அது அக்கரை ஏறியதும் உடும்பும் பின்னாலேயே போனது. குட்டி புல்லில் துவண்டு கிடந்தது. தாய் நக்கி நக்கி எழுப்பிய பிறகுதான் கண்ணைத் திறந்து மடியைத் தேடியது. அதைப் பார்த்து உடும்பால் தாங்க முடியவில்லை.

மறுநாள் உடும்பு இரண்டு வரிசை போட்டது.

“அவசரமாகப் போகிறவர்கள் வலப்பக்கம். மற்றவர்கள் இடப்பக்கம். வலப்பக்கம் காலியான பிறகே இடப்பக்கம்” என்று அறிவித்தது.

முதல் ஆளாக நரி வலப்பக்கம் போய் நின்றது. “எனக்கு அவசரம்!” என்றது. அதைப் பார்த்துக் கீரி வந்தது. பிறகு காட்டுப்பன்றி, முயல், காட்டுக்கோழி. மதியத்துக்குள் வலப்பக்க வரிசை புதர்வரை நீண்டுவிட்டது. அன்றும் மேய்ந்துவிட்டுத் திரும்ப வந்த மான் அதன் நடுவில் தவித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மிச்சக் கிழங்கை எடுக்க வந்த ஒரு முள்ளம்பன்றி மட்டும் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றது.

“அண்ணே, கிழங்கு காத்திருக்கும். அதற்காக மழைக்காலம் முழுக்கவா?” என்று அது கேட்டது.

உடும்புக்கு உறைத்தது. நேரே நரியிடம் போனது.

“உன் மூட்டையில் என்ன?”

“மீன். தாமதமானால் கெட்டுவிடும்.”

உடும்பு மூட்டையை மோந்து பார்த்தது. “இது கருவாடு. அடுத்த மாதம்வரை கெடாது. இடப்பக்கம் போ.”

நரி முணுமுணுத்துக்கொண்டே போனது. உடும்பு ஒவ்வொருவரையும் விசாரித்தது. தாமதித்தால் உயிருக்கோ உணவுக்கோ கேடு வரும் என்றால் மட்டும் வலப்பக்கம் நிற்க விட்டது. அவர்களும் வேறு சுமை கொண்டுவரக் கூடாது என்றது. வலப்பக்கம் மூவர் போனால் இடப்பக்கம் ஒருவர் கட்டாயம் போகலாம் என்றும் சொன்னது. கூட்டம் மிஞ்சியபோது, “இன்று இனி இடமில்லை, நாளை வாருங்கள்” என்று கடைசியில் நின்றவர்களை முன்கூட்டியே திருப்பி அனுப்பியது. அவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வீணாகக் கால்கடுக்க நிற்கவில்லை.

அன்று மான் பொழுது சாய்வதற்கு வெகு முன்பே குட்டியிடம் போய்ச் சேர்ந்தது. முள்ளம்பன்றி இருட்டுவதற்குள் கிழங்கோடு கரையேறியது. நரியும் கருவாட்டோடு போனது, சற்றுத் தாமதமாக.

வழி குறுகியபோது, காத்திருக்க முடியாதவரை முன்னால் விடவேண்டும். காத்திருக்கக் கூடியவரையும் ஒரேயடியாக நிறுத்தி வைக்கக் கூடாது.