ஒரே நாளில் புடவை மடிக்கலாம்

பட்டுக்கடையில் பிரகாசி வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை ஜரிகை கசங்காமல் திரும்ப மடிக்கும் வேலை. அவளுக்கு இன்னும் கை படியவில்லை.

அன்று பார்த்து, சித்திரை வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த பயிற்சியாளர் தணிகாசலம் முதலாளி முன்னால் முழங்கினார். "என் துரிதக் கற்றல் முறையில் எந்த வேலையையும் ஒரே நாளில் கற்கலாம். பார்த்ததை, தெரியாத ஒருத்தருக்கு உடனே சொல்லிக்கொடுக்கணும், அதுதான் சூட்சுமம். சாயங்காலத்துக்குள்ள இந்தப் பொண்ணுக்கு வரலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"சரிங்க சார்," என்றாள் பிரகாசி. "ஆனா இந்தக் கடையில மடிக்கத் தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான். உக்காருங்க, சொல்லித் தரேன்."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜமக்காளத்தைக் காட்டினார். தணிகாசலம் வேறு வழியில்லாமல் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் அவர் மடித்த புடவை, பிழிந்து போட்ட இட்லித் துணி மாதிரி கிடந்தது.

"என்ன சார், இன்னும் வரலையே?" என்றார் முதலாளி.

"கை பழக ஒரு மாசமாவது வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தார் தணிகாசலம்.

"அந்த ஒரு மாசத்தைத்தான் சார் நானும் கேக்கறேன்," என்று சொல்லி, அவர் மடித்ததை உதறிப் பிரித்தாள் பிரகாசி.