புகார் நம்பர்

காவலாளி மாசிலாமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, எங்கள் குடியிருப்புக்கு இன்டர்நெட் கம்பெனியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில். இரண்டு கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். இருவரும் சொன்னது ஒரே வேகம், ஒரே கட்டணம். சங்கத் தலைவர் திருஞானம் முதல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடப் போனார். அது அவர் மச்சினனுடையது.

"ரெண்டாவதுதான் நல்லது சார்," என்றார் மாசிலாமணி. அவர் மகள் வாசல் அறையில் வரப்போகும் இணைப்பை நம்பித்தான் குரூப் நாலு தேர்வுக்குப் படிக்க வேண்டும்.

"கேட் திறக்கிற உனக்கு என்ன தெரியும்? வயர் இழுக்காம இங்கேயே நிரூபிச்சுக் காட்டுய்யா," என்றார் தலைவர்.

"ரெண்டு தம்பியும் அவங்கவங்க புகார் நம்பருக்கு ஸ்பீக்கர்ல போன் போடட்டும் சார்."

இரண்டாவது கம்பெனியில் ஒரு பெண் உடனே எடுத்து, "எந்தத் தெருண்ணே?" என்றாள். முதல் கம்பெனியில் காத்திருக்கச் சொல்லிவிட்டு வீணை இசை ஒலித்தது. நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும் ஒலித்தது.

"நெட்டு போனா நான் நேரா மச்சினனுக்கே பேசுவேன்," என்றார் தலைவர்.

"சரிங்க சார். அப்ப லிஃப்ட்ல உங்க நம்பரை எழுதி ஒட்டிடறேன். இருபத்தினாலு வீடும் உங்களையே கூப்பிடட்டும்."

தலைவர் இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஊருக்குப் போன மாசிலாமணி அங்கேயே மாரடைப்பில் இறந்தார். மகள் எங்கள் வாசல் அறையிலேயே இருந்து படித்து முடித்தாள். இப்போது செய்யாறு பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறாள்.