மூச்சை விடாத அரண்மனை

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் செங்கழனி நாட்டைக் குலோத்தமன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுகிற ஆள். அவனுக்கு ஒரே பிள்ளை, ஆதிரையன். ஓர் ஐப்பசி மாதம் ராஜா வேட்டைக்குப் போயிருந்த சமயம் அந்தப் பிள்ளை காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டான். திரும்பிவந்த ராஜாவுக்குச் சாம்பல்தான் பார்க்கக் கிடைத்தது.

சபையில் சதாநந்தர் என்று ஒரு யோகப் பண்டிதர் இருந்தார். மந்திரி மருதங்கிழாரிடமே ராஜா எல்லாவற்றையும் கேட்கிறான் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயமென்று ராஜாவை நெருங்கினார். துக்கமெல்லாம் பற்றினால் வருவது, பற்றை அறுத்தவன்தான் யோகி, மூச்சு நின்றால் மனமும் நிற்கும் என்று சொல்லி, பிராணாயாமம் பழக்கினார். மூச்சைக் கட்டி நிறுத்தியிருக்கும் வரைக்கும் ராஜாவுக்குப் பிள்ளையின் முகம் மறைந்தது. உடனே, அரண்மனையில் யாரும் அழக்கூடாது, பிள்ளையின் பெயரை எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான்.

ராணி சிவகாமவல்லி அழவில்லை. பேசவுமில்லை. கஞ்சியைக்கூடத் தொடாமல் இளைத்துக்கொண்டே போனாள். மந்திரி போய் உத்தரவை நீக்கும்படி கெஞ்சினார். யோகம் தெரியாதவருக்கு இதில் என்ன பேச்சு என்று பண்டிதர் மடக்கினார். ராஜாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் சபையில் மந்திரி, தானும் யோகம் கற்க விரும்புவதாகச் சொன்னார். பண்டிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தான் ஒரு விண்ணப்பம் சொல்லி முடிக்கும்வரை சுவாமி மூச்சை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று மந்திரி கேட்க, பண்டிதரும் பத்மாசனத்தில் அமர்ந்து மூச்சை இழுத்துக் கட்டினார்.

மந்திரி ஆற அமர ஆரம்பித்தார். ஆதிரையன் பிறந்தபோது ஊருக்கெல்லாம் சர்க்கரை வழங்கியது, சிங்காசனத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் முதன்முதலாக எழுந்து நின்றது. அந்தப் பெயரைக் கேட்டதும் சபை நடுங்கியது. ராஜாவின் கை வாளுக்குப் போனது, ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்கு முதல் பல் விழுந்த கதைக்கு மந்திரி வருவதற்குள் பண்டிதரின் கண் பிதுங்கி, மூச்சு வெடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"நான் இன்னும் முடிக்கவில்லையே, சுவாமி" என்றார் மந்திரி.

"விடாமல் எப்படி ஐயா இருப்பது? செத்தல்லவா போவேன்" என்று இரைத்தார் பண்டிதர்.

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். மூன்றும் சேர்ந்தால்தான் பிராணாயாமம், மகாராஜா. இவர் உங்களை இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டார். ராணியம்மாவும் ஐப்பசியிலிருந்து அழுகையை வெளியே விடாமல்தான் வைத்திருக்கிறார்."

பண்டிதர் தலையைத் தொங்கப்போட்டு, பாடத்தைப் பாதியில் விட்டது தன் பிழைதான் என்று ஒப்புக்கொண்டார். ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். உத்தரவை நீக்கினால் போதும் என்று அவர் வாங்க மறுத்தார். அப்போதே நீக்கிவிட்டு ராஜா அந்தப்புரத்துக்கு நடந்தான்.

ராணி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் கேட்கப் பயந்ததை ராஜா கேட்டான்.

"ஆதிரையன் கடைசியாக என்ன சொன்னான்?"

ராணி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அப்பாவுடைய குதிரைச் சத்தம் கேட்கிறதா என்றான். கேட்கிறது என்று பொய் சொன்னேன்."

அன்றைக்கு அவர்கள் இருவரும் அழுத அழுகை கோட்டை வாசல் வரைக்கும் கேட்டதாம். காவல்காரர்கள் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தாங்களும் அழுதார்களாம்.